திங்கட்கிழமைகளில் வலித்த முதுகு

1. ஒன்பது ஐம்பது

மணிகண்டன் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குள் முதன்முதலில் வந்தது ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐம்பதுக்கு. வயது இருபத்திரண்டு. வாசலிலிருந்து என் மேசை பதினோரு தப்படி. அதைக் கடக்க அவன் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டான். கூடவே வந்த அவன் அம்மா அஞ்சலை, மகனைத் தாண்டி வந்து எனக்கு எதிரில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“ஒக்காரு கெழவா,” என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். “மேடம், எழுந்திருக்கும்போது இவனுக்கு எழுவது வயசு. பத்து மணி ஆனா இருவது வயசு. வேலைக்குப் போகாம ஏமாத்துறானா, நெஜமாவே வலிக்குதான்னு பெத்த எனக்கே வெளங்கல.”

எங்கள் அட்டெண்டர் பெலிக்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்கு இரண்டு நோட்டு எழுதும் பழக்கம். ஒன்று பிரிவின் ரிஜிஸ்டர்: தேதி, பெயர், கொடுத்த சிகிச்சை, பத்துக்கு எத்தனை வலி. மற்றது என் சொந்த நாட்குறிப்பு: அன்று பெய்த மழை, படித்த புத்தகம், காதில் விழுந்த நல்ல பேச்சு. அஞ்சலை சொன்ன எழுபதும் இருபதும் அன்று இரவு என் நாட்குறிப்புக்குப் போயின. ரிஜிஸ்டருக்குப் போகவில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே என் பிழையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிழை அந்த இரவிலேயே தொடங்கிவிட்டது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆண்டையும் சொல்லப்போவதில்லை. கிழமைகளை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். நடந்ததன் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

எலும்பு டாக்டரின் சீட்டில் “இடுப்பு வலி, பிசியோ” என்று மட்டும் எழுதியிருந்தது. மணிகண்டனுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் லாரிக்குப் பெட்டி ஏற்றும் வேலை, இரண்டாவது ஷிப்ட். விழுந்தாயா என்று கேட்டேன். இல்லை. பாரம் தூக்குவாயா என்றேன். தினமும் என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. இருபத்து நாலு வருட சர்வீசில் பாரம் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். இவனும் அவர்களில் ஒருவன் என்று முடிவு செய்தேன். ஷார்ட் வேவ் பத்து நாள், ஐ.எஃப்.டி. மின்சிகிச்சை பத்து நாள், இடுப்புக்கு பெல்ட், பலகைக் கட்டில்.

ஷார்ட் வேவ் சூட்டில் குப்புறப் படுத்திருந்தவன் தலையைத் தூக்கிக் கேட்டான்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஓடுனா நல்லா இருக்குது. விடியக்காலைல ஏரிக்கரைல ஓடிட்டு வந்தா வலி போன எடம் தெரியல. ஓடலாம் இல்ல?”

“எதுக்கு ஓடுற?”

“போலீஸ் செலக்‌ஷன் வருது மேடம்.”

“போலீசு சிவப்புத் தொப்பி போடணுமாம் தொரைக்கு,” என்றார் அஞ்சலை. குரலில் கிண்டல் இருந்தது, முகத்தில் இல்லை.

“ஓடும்போது ஒடம்பு சூடா இருக்கும் தம்பி, வலி தெரியாது. அப்புறம்தான் காட்டும். கொஞ்ச நாள் ஓடாத,” என்றேன்.

இந்தப் பதிலை அதற்கு முன் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது சரியான பதில். அதனால்தான் அது ஆபத்தான பதில்.

2. நாற்பத்திரண்டு நாள்

திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை வந்தான். முதல் வாரம் வலி ஏழு, ஐந்து, நாலு. சரியாகிறது என்று நினைத்தேன். அடுத்த திங்கள் எட்டு. பிறகு ஐந்து. பிறகு நாலு. மூன்றாவது திங்கள் மறுபடி எட்டு.

“ஞாயித்துக்கிழமை என்ன பண்ண?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணல மேடம். லீவு. படுத்தே இருந்தேன்.”

“நெஜமா சொல்லு. ஓடுன.”

“ஓடல மேடம்.”

நான் நம்பவில்லை. வாரம் முழுக்க நான் சரிசெய்வதை ஞாயிற்றுக்கிழமை ஓடிக் கெடுக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். பெட்டி தூக்கினால் ஆறாது, மெடிக்கல் லீவு எழுதுங்கள் என்றேன். எழுதினார். அன்றிலிருந்து நாற்பத்திரண்டு நாள் முழு ஓய்வு. வேலை கிடையாது, ஓட்டம் கிடையாது.

அவன் சொன்னபடி கேட்கிற பிள்ளை. கேட்டான். ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே ஏழும் எட்டும் மட்டுமே விழுந்தன. நான் டிராக்‌ஷன் சேர்த்தேன். இடுப்பை இழுக்கும் எடையைக் கூட்டினேன். நாலாவது வாரம் ஒரு நாள் அஞ்சலை தனியாக வந்து நின்றார்.

“மேடம், நீங்க சொன்னீங்கன்னு பெரண்டு கூட படுக்காம கெடக்குறான். காலைல தூக்கி ஒக்கார வெக்க ரெண்டு பேரு வேணும். அவங்கப்பா சோம்பேறின்றாரு. அவரு ஒரு பக்கம் கத்துறாரு, இவன் ஒரு பக்கம் செவுத்த பாத்துனு கெடக்குறான். இன்னும் எத்தினி நாளு?”

“ரெஸ்ட் எடுத்தாதான்மா ஆறும். பொறுமையா இருங்க.”

நாற்பத்திரண்டாவது நாள் அவன் வரவில்லை. அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை. ரிஜிஸ்டரில் ‘நிறுத்திவிட்டார்’ என்று எழுதி கோடு போட்டேன்.

3. ஐந்து சென்டிமீட்டர்

அக்டோபர் மாதம், புதன்கிழமை, பதினொன்றே கால். மணிகண்டன் தனியாக வந்தான். முதுகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“மேடம், கோச்சுக்காதீங்க. ஓடிட்டேன். ஓட ஆரம்பிச்சப்புறம்தான் எழுந்து நடமாடுனேன். போன வாரம் செலக்‌ஷன் போனேன். ஓட்டத்துல எங்க பேட்ச்ல மூணாவது. ஒயரம் ஓகே. நெஞ்சுல போச்சு.”

“நெஞ்சுல என்ன?”

“டேப் வெச்சு எண்பத்து மூணுன்னாங்க. மூச்ச இழுன்னாங்க, இழுத்தேன். எண்பத்தஞ்சரை. அஞ்சு விரியணுமாம். இன்னும் இழுடான்னாரு. இழுக்குறதுக்கு உள்ள எடம் இல்ல மேடம். எனக்கு அடுத்து நின்னவன் ஊதுபத்திக் குச்சி மாதிரி இருக்கான், அவனுக்கு ஆறு விரியுது.” பிறகு கேட்டான். “நெஞ்சு விரியறதுக்கு எதாச்சும் எக்சர்சைஸ் சொல்லுங்க. அடுத்த செலக்‌ஷனுக்குள்ள அஞ்சு ஆக்கிடுறேன்.”

நான் என் டேப்பை எடுத்தேன். இரண்டரை. மறுபடி அளந்தேன். இரண்டரை. டேப் நீண்டுபோயிருக்குமோ என்று ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பெலிக்ஸைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். வயது ஐம்பத்தாறு, நாளைக்கு ஒரு கட்டு பீடி. அவர் நெஞ்சு ஐந்து விரிந்தது.

“அப்ப அந்தத் தொப்பிய எனக்குக் குடுக்கச் சொல்லுங்க,” என்றார் பெலிக்ஸ்.

மணிகண்டன் கூடச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவனுடைய நுரையீரலில் குறை இருக்க முடியாது. நெஞ்சு விரிவதற்கு நுரையீரல் மட்டும் போதாது. பின்னால் விலா எலும்புகள் முதுகெலும்போடு சேருகிற இடத்தில் இருக்கும் சின்னச் சின்ன மூட்டுகள் அசைந்து கொடுக்க வேண்டும். இவனுக்கு அவை அசையவில்லை. இருபத்திரண்டு வயதில்.

அவனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். இடுப்பின் பின்பக்கம் இரண்டு குழி விழும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு, அதற்குப் பத்து சென்டிமீட்டர் மேலே ஒரு கோடு. குனியச் சொன்னேன். நல்ல முதுகில் அந்தப் பத்து பதினைந்தாகும். இவனுக்குப் பன்னிரண்டரைதான். இந்தச் சோதனையைக் கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். முதல் நாளில் செய்ய இரண்டு நிமிடம் போதும். செய்யவில்லை.

அவனை உட்கார வைத்துவிட்டுப் பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். இந்த முறை எண்களைப் பார்க்கவில்லை, கிழமைகளைப் பார்த்தேன். ஞாயிறு படுத்திருந்தான், திங்கள் எட்டு. திங்கள் முதல் வியாழன் வரை பெட்டி தூக்கினான், வெள்ளி நாலு. வேலை செய்யச் செய்ய வலி குறைந்திருக்கிறது. ஓய்வு எடுத்தால் ஏறியிருக்கிறது. நான் லீவு எழுதி வாங்கிய பிறகு அவனுக்கு எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிட்டது. அவன் ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை. என் கையெழுத்திலேயே அவனுக்குச் சாட்சி இருந்தது, நான்கு மாதமாக.

அன்று இரவு நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜூன் மாதத்தில் எழுபதும் இருபதும் என்ற அந்த வரி, நல்ல பேச்சு என்று அடிக்கோடிட்டு இருந்தது. ஒரு தாய் நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு வரியில் சொல்லியிருந்தார். நான் அதை ரசித்திருந்தேன்.

4. வியாழக்கிழமை ஓ.பி.

எங்கள் மருத்துவமனையில் வாத நோய் டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். முப்பத்தைந்து வயதுப் பெண். குரலை உயர்த்த மாட்டார். மறுநாளே மணிகண்டனையும் அஞ்சலையையும் நானே அழைத்துப் போனேன்.

டாக்டர் கேட்டது ஐந்தாறு கேள்வி.

“ராத்திரி பாதிக்கு மேல வலி எழுப்பி விடுதா?”

“மூணு, மூணரைக்கு எழுந்துடுவேன் மேடம். கொஞ்சம் நடந்தா சரியாகும்.”

“காலைல எவ்வளவு நேரம் பிடிப்பு?”

“ரெண்டு மணி நேரம்.”

“குதிகால்?”

“அது ரெண்டு வருஷமா இருக்குது. செருப்பு மாத்துனா சரியாப்பூடும்னாங்க.”

“கண்ணு செவந்து வலிச்சு, வெளிச்சம் பாக்க முடியாம இருந்துச்சா?”

அஞ்சலை நிமிர்ந்தார். “ரெண்டு தபா. கண்ணு டாக்டரு சொட்டு மருந்து குடுத்தாரு. முதுவுக்குப் போற எடத்துல கண்ண எதுக்குக் கேக்குறீங்க?”

“ஒரே வியாதிம்மா. ஒவ்வொரு ரூம்லயும் ஒரு துண்ட காட்டிட்டு வந்திருக்கு,” என்றார் டாக்டர்.

எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து அடுத்த வியாழன் மறுபடி போனோம். இடுப்புக்கூடும் முதுகெலும்பின் அடியும் சேரும் இடத்தில் இரு பக்கமும் இரண்டு மூட்டுகள் உண்டு. அவற்றின் ஓரம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டும். இவனுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக, விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பின் அழற்சி வாதம் என்று சொல்லலாம். இளம் வயதில்தான் பெரும்பாலும் தொடங்கும்.

டாக்டர் சொன்ன விளக்கத்தை அன்றைக்கே எழுதி வைத்தேன். உடம்பின் காவல் வேலை செய்யும் அணுக்கள், தசைநார் எலும்பில் போய்ச் சேரும் இடங்களில் போய் இல்லாத பகைவனோடு சண்டை போடுகின்றன. சண்டை நடந்த இடத்தை உடம்பு தன் வழக்கப்படி ஆற்றுகிறது. ஆற்றுவதற்குப் புது எலும்பு வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி வைத்துக்கொண்டே போனால் ஒரு முள்ளெலும்பும் அடுத்ததும் ஒட்டி, முதுகு மூங்கில்போல் ஒரே கழியாகிவிடும். குணமாக்கும் திறமையே நோயாகிறது. இருபத்து நாலு வருடம் முதுகுகளோடு வாழ்ந்தவள் நான். அன்றைக்குத்தான் முதுகெலும்பு எனக்கு ஒரு பெரிய கோபுரத்தைக் கீழிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது.

“அப்ப இவன் இப்பிடியே கூனிப் போயிருவானா?” என்று அஞ்சலை கேட்டார்.

“எல்லாருக்கும் அப்பிடி ஆகாதும்மா. சீக்கிரம் வந்திருக்கான். மருந்து இருக்கு. ஆனா மருந்து மட்டும் பத்தாது. தினமும் எக்சர்சைஸ் பண்ணணும், நடக்கணும், முடிஞ்சா ஓடணும். படுத்தே கெடக்கறதுதான் இதுக்கு ஆகாது.”

சொல்ல வேண்டியது நான்.

“ஓடக்கூடாதுன்னு சொன்னது நான்தான் டாக்டர். லீவு எழுதச் சொன்னதும் நான். ஆறு வாரம்.”

அஞ்சலை என்னைப் பார்த்தார். “நாங்க கேட்டோமே மேடம். ஓடுனா நல்லா இருக்குன்னு அவன் சொன்னானே.”

“சொன்னான். நான் கேக்கல.”

மகனின் சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மணிகண்டன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “போலீஸ்?”

“செலக்‌ஷன் மெடிக்கல்ல இதை ஒத்துக்க மாட்டாங்க தம்பி. உனக்குப் பொய் சொல்ல விரும்பல.”

5. ஏரிக்கரை

நான் தடுத்தது என்ன என்பதை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு. கதிர்காமத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஐந்து நாற்பதுக்கு ஊசுட்டேரிக் கரையில் இருந்தேன். அப்போது அவன் மாத்திரை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

அஞ்சலை அவனோடு வந்திருந்தார். “ஓடாதன்னு சொன்ன மேடம் ஓடுறத பாக்க வந்துருக்காங்கடா. நல்லா ஓடிக் காட்டு,” என்றார். அந்தக் குத்தலை நான் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

தொடக்கத்தில் அவன் ஓடவில்லை. தலையையும் தோளையும் இடுப்பையும் ஒரே பலகையில் அடித்து வைத்ததுபோல் நடந்தான். எதிரே வந்த பால்காரருக்கு வழிவிட முழு உடம்பையும் திருப்பினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிடம் கை வீசத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் மெல்லிய ஓட்டம். பதினாலாவது நிமிடம் இடுப்பு தனியாக, தோள் தனியாக அசைந்தன. பதினெட்டாவது நிமிடம் கரையின் வளைவில் திரும்பி வந்தவன் ஒரு சாதாரண இருபத்திரண்டு வயதுப் பையன். கீழ்வானம் அப்போதுதான் வெளுத்தது. ஏரியில் நாரைகள் இறங்கின.

ஒரு முதுகு கண்ணெதிரே, நிமிடம் நிமிடமாகத் திறப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் மெஷின்கள் பத்து நாளில் செய்யாததை அவன் கால்கள் பதினெட்டு நிமிடத்தில் செய்தன. இதை அவன் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து வைத்திருந்தான். என்னிடம் அனுமதிதான் கேட்டான்.

அன்று கரையிலேயே உட்கார்ந்து அவனுக்கான எக்சர்சைஸ் அட்டவணையை எழுதினோம். காலை இருபது நிமிடம் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது, சுவரில் முதுகும் தலையும் ஒட்டி நிற்பது, விலாவில் கை வைத்து மூச்சு, பிறகு ஓட்டம். எதைக் குறைக்கலாம் என்று கேட்டேன். “ஓட்டத்த மட்டும் தொடாதீங்க மேடம்,” என்றான்.

6. தயிருக்குப் பக்கத்தில்

மாத்திரையில் காலைப் பிடிப்பு இரண்டு மணியிலிருந்து ஒரு மணியாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. டி.பி. இல்லை என்று சோதனைகளில் உறுதி செய்த பிறகு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை போடும் ஊசியை டாக்டர் தொடங்கினார். பயாலஜிக் என்று சொல்வார்கள். அது குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. முதல் ஊசியை நர்ஸ் போட்டார், அவனுக்கும் கற்றுக்கொடுத்தார். அடுத்ததை ஐஸ் டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

“ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன் மேடம்,” என்று அஞ்சலை சொன்னார். “தண்ணி பாட்டிலுக்குக்கூட யாரும் ஃப்ரிட்ஜ தொறக்கக் கூடாதுன்னுட்டேன். அவங்கப்பா மோருக்குப் போய் கைய வெச்சாரு. கைய ஒடிச்சிடுவேன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு. வெந்நி குடிக்கிறாரு.”

மகனைச் சோம்பேறி என்று சொன்ன அந்த அப்பாவை நான் கடைசிவரை பார்க்கவில்லை. ஆனால் கரன்ட் போனால் ஐஸ் வாங்க சைக்கிளில் ஓடுவது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய், பத்து நாற்பது. மூன்றாவது ஊசி போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மணிகண்டன் நடை பழக்கும் பாரலல் பார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்து பெலிக்ஸ், “மணி, டோக்கன விட்டுட்டுப் போற,” என்று கூப்பிட்டார். மணிகண்டன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான்.

கால் அசையவில்லை. இடுப்பு அசையவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது. ஜூன் மாதத்திலிருந்து அவன் கதவு திரும்புவதுபோல் முழுதாகத் திரும்புவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெலிக்ஸ் டோக்கனை நீட்டிய கையோடு நின்றுவிட்டார். நான் பேனாவை மூடி வைத்தேன். அவனுக்கு மட்டும் புரியவில்லை. “என்ன சார்? என்ன மேடம்?” என்றான்.

ஆய்வுக்கூடத்தில், உயிரணுக்களுக்குள் வளர்த்தெடுத்த ஒரு புரதம். தோலுக்கடியில் போட்ட சிறிதளவு திரவம். உடம்பில் கோடிக்கணக்கான சமிக்ஞைகள் போய்க்கொண்டிருக்க, அவற்றில் சண்டையை மூட்டிவிடும் ஒரே ஒரு சமிக்ஞையைத் தேடிப் பிடித்து அது மறித்திருக்கிறது. அதன் விளைவாக சேதராப்பட்டுப் பையன் ஒருவன், கூப்பிட்ட குரலுக்குக் கழுத்தைத் திருப்புகிறான். எவ்வளவோ படித்திருக்கிறேன், அன்று பார்த்தது போன்ற ஒன்றை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மாதாமாதம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே டேப்பில் நெஞ்சை அளந்தேன். இரண்டரை, மூன்று, மூன்றரை, நாலேகால். ஜூலையில் ஐந்தரை.

7. படிவம்

ஐந்தரை வந்த அன்று அவன் சந்தோஷப்பட்டதைவிட அதிகம் யோசித்தான். அடுத்த வாரம் அம்மாவும் பிள்ளையும் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்தார்கள்.

“செலக்‌ஷன் மறுபடி வருது மேடம். இப்ப நெஞ்சு விரியுது. ஓட்டம் இருக்குது. பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது,” என்றான் மணிகண்டன். “நீங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்தா போதும்.”

அஞ்சலை மகனைவிட நேராகப் பேசினார். “நீங்க எங்களுக்கு ஒண்ணு செய்யணும் மேடம். அந்த ஆறு வாரத்த நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். இத செய்யுங்க.”

அவர் கேட்டது நியாயம்தான்.

“அம்மா, அவன் நோய நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல. ஆனா நோய் இல்லன்னு யாராவது எழுதிக் கேட்டா எழுத மாட்டேன். பார்ம்ல அவன்கிட்ட கேப்பாங்க. என்ன எழுதறதுன்னு அவன்தான் முடிவு பண்ணணும்.”

“இதுக்குப் பேரு ஒதவியா?” என்றார் அஞ்சலை. எழுந்து போய்விட்டார்கள்.

மூன்று வாரம் நான் ரிஜிஸ்டரில் அவன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் திங்கட்கிழமை வந்தான். அம்மாவும் கூட இருந்தார். நெஞ்சளவில் தேறியிருந்தான். ஓட்டத்தில் இரண்டாவது. மெடிக்கலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். படிவத்தில் நீண்ட நாள் நோய் ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம். உண்டு என்று போட்டு, பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதோடு முடிந்தது.

“ஏன்டா எழுதுனன்னு நானும் பத்து நாளா கேக்குறேன்,” என்றார் அஞ்சலை. “அரிச்சந்திரன் வூட்டுப் புள்ள.”

“உண்மை அது இதுன்னு இல்ல மேடம்,” என்றான் அவன். “ட்ரெய்னிங்ல எத்தன மாசம் பேரக்ஸ்ல இருக்கணும்? பத்து பேரு ஒரு ரூமு. ஊசிய எங்க ஒளிச்சு வெக்கறது? ஃப்ரிட்ஜ் யாருது? ஊசிய நிறுத்திட்டுப் போனா ரெண்டு மாசத்துல மறுபடி செவுத்த புடிச்சுனு நடப்பேன். அங்க வெச்சுக் கண்டுபுடிச்சு அனுப்பறதுக்கு இங்கயே சொல்லிடலாம்னு எழுதிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். “டேப்ப பாத்துட்டு அந்த ஏட்டு ‘சபாஷ்’னாரு மேடம். அது போதும்.”

அது போதவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அதைப் போதும் என்று ஆக்கிக்கொள்ள அவனுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. கம்பெனியில் பெட்டி ஏற்றும் வேலையிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். ஒரே இடத்தில் உட்காராமல் நாள் முழுக்க நடக்கிற வேலை. ஓட்டத்தை விடவில்லை.

8. இந்த ஆண்டு

நான் ரிட்டையர் ஆகி ஒரு வருடம் மூன்று மாதம் ஆகிறது. போன மாதம், ஒரு வியாழக்கிழமை, மணிகண்டன் போன் செய்து, ஆறு வருடம் ஆனதால் மறுபடி எக்ஸ்ரே எடுத்திருப்பதாகவும் நான் வர முடியுமா என்றும் கேட்டான். போனேன். அவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது.

டாக்டர் விளக்குப் பெட்டியில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஆறு வருடத்துக்கு முந்தியது, இன்றையது. பேனா முனையால் ஒவ்வொரு முள்ளெலும்பாக மேலே ஏறினார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருட்டான இடைவெளி. மறுபடி எலும்பு, மறுபடி இடைவெளி. எங்கும் ஒட்டவில்லை. எங்கும் எலும்புப் பாலம் உண்டாகவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். எல்லா இடைவெளிகளும் இருந்தன.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இளம் வயதில் முதுகு வலி என்று வந்தால், என்ன செய்தால் வலிக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன செய்தால் நன்றாக இருக்கிறது என்றும் கேளுங்கள். ஓடினால் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு டேப்பை எடுங்கள். வீட்டிலிருந்து கூட வருகிறவர் சொல்லும் வேடிக்கைப் பேச்சை ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

இன்னொன்றும் கற்றேன், அது என்னைப் போல் தேதி எழுதிப் பழகியவர்களுக்கு. நடந்தவற்றைத்தான் நாம் குறிக்கிறோம். ஆறு வருடமாக ஒருவன் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான், தரையில் படுத்து எழுகிறான், பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொடையில் ஊசி போட்டுக்கொள்கிறான். ஒரு வீடே குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் கோடையைக் கழிக்கிறது. இவ்வளவும், ஒன்று நடக்காமல் இருப்பதற்காக. அது நடக்கவில்லை.

அந்தப் படத்தின் முன் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. முதல் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்திருக்கிறேன்.

“என்ன மேடம், எதாச்சும் ஆயிருக்குதா?” என்று மணிகண்டன் கேட்டான்.

“ஒண்ணும் ஆகல.”

“அப்புறம் எதுக்கு இப்பிடிப் பாத்துனு நிக்கிறீங்க?”

“ஒண்ணும் ஆகலன்னுதான்,” என்றேன்.